ஒரு கொடி, ஒரு காய்: கோடைக் கடைசியில் பறங்கி வளர்ப்பு

(மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவி)

காய்கறிக் கடையில் கீற்றுக் கீற்றாக அரிந்து வைத்திருக்கும் பறங்கிக்காயை நின்று பார்ப்பவர் எவருமில்லை. விலை மலிந்த காய். விருந்துக்கு ஆகாத காய். வீட்டில் வேறொன்றும் இல்லாத நாளில் குழம்புக்கு உதவுகிற காய். அவ்வளவே நம் மதிப்பு. ஆயினும் தாவர உலகில் மிகப் பெரிய காயைத் தாங்கும் குடும்பம் இப்பறங்கியின் குடும்பமே. ஒரு மெல்லிய கொடி, தன்னைவிடப் பன்மடங்கு எடையுள்ள ஒரு காயை எவ்வாறு உருவாக்குகிறது? அதைக் கோடையின் கடைசி நாட்களில், அதுவும் கடலோர மணலில், எவ்வாறு காப்பாற்றுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

'பறங்கியர்' என்று நம் முன்னோர் அழைத்தது ஐரோப்பியரை. 'ஃபிராங்க்' என்னும் இனப்பெயர் அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளின் வழியே திரிந்து நம்மிடம் 'பறங்கி'யாயிற்று. 'பிரான்சு' என்னும் நாட்டின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சியர் ஆண்ட ஊரில் வாழும் நமக்கு இது சுவையான செய்தி அன்றோ! வெண்பூசணி ஆசியாவுக்கு உரியது. பறங்கியோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கப்பலேறி நம் கரைக்கு வந்தது. வந்த வழியையே பெயராகத் தாங்கி நிற்கிறது.

நம் ஊர்ப் பறங்கி 'குக்குர்பிட்டா மாஸ்கேட்டா' என்னும் இனம். மேலை நாடுகளில் போட்டிக்கென வளர்க்கப்படும் இராட்சதக் காய், தென்னமெரிக்காவில் தோன்றிய 'குக்குர்பிட்டா மாக்சிமா'. 1900-ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் கனடா நாட்டு வில்லியம் வார்னாக் என்பவர் 400 பவுண்டு (181 கிலோ) எடையுள்ள காயை வைத்தார். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி கண்காட்சியில் அவரே 403 பவுண்டைத் தொட்டார். அந்தச் சாதனையை 1976 வரை எவராலும் வெல்ல முடியவில்லை. பின்னர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் என்னும் உழவர் 'அட்லாண்டிக் ஜெயன்ட்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து உருவாக்கி, 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் பெற்றார். இன்று போட்டிக்கு வரும் பெருங்காய்களெல்லாம் அநேகமாக அந்த வகையின் வழித்தோன்றல்களே. 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் பேட்டன் சகோதரர்கள் நிறுத்த காய் 1278.8 கிலோ!

நம் நிலைமை வேறு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 பறங்கி ஒன்று 7, 8 கிலோ, கோ.2 ஒன்றரை முதல் 2 கிலோ. நாட்டுப் பறங்கி 10 கிலோவைத் தாண்டினால் தெருவே வந்து பார்க்கும். எடை எதுவாயினும் அடிப்படை ஒன்றே. காய் தானாகப் பருப்பதில்லை. இலைகள் வெயிலில் உண்டாக்கும் சர்க்கரை புளோயம் வழியே காய்க்கு வந்து சேர்கிறது; வேர்கள் அனுப்பும் நீரும் உடன் வருகிறது. இலையின் சேமிப்பே காய். ஆகவே காயைப் பெரிதாக்க விரும்புபவர் முதலில் காக்க வேண்டியது இலையையும் வேரையும்தான்.

எங்கள் குப்பத்து மண்

நான் குருசுக்குப்பத்தில் பிறந்தவள். எங்கள் தெருவின் மறுமுனையில் கடல். மண் என்று சொல்வதற்கில்லை, மணல். ஊற்றிய நீரும் நிற்காது, இட்ட உரமும் நிற்காது. இத்துடன் உப்பும் சேர்ந்து கொண்டது. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. அதனால் வடக்கே கரை அரிக்கப்பட்டு, மணற்பரப்பு இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிய தடுப்பு வந்தது. கடல் நெருங்கியதும் நகரம் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததும் சேர்ந்து, எங்கள் வீட்டுக் கிணறு சித்திரை பிறந்தால் கரிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த மணலில்தான் எங்கள் ஆயா ஆண்டுதோறும் தை மாதக் கடைசியில் பறங்கி விதை ஊன்றுகிறார். கடையில் வாங்கிய விதை அன்று. அவருடைய தாய் வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நல்ல காயிலிருந்து எடுத்து, அடுத்த ஆண்டுக்கு வைப்பது. ஆழ்ந்த வரியோடிய, தட்டையான, அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதையுள்ள காய். சென்ற கோடையில் மூன்று கொடிகள் நின்றன. கத்திரி வெயிலில் இரண்டு கருகின. எஞ்சிய கொடியில் ஒரே ஒரு காய். முந்திய ஆண்டு விதையோ கைவசம் இல்லை. அந்தக் காய் முற்றாமல் அழுகியிருந்தால், மூன்று தலைமுறை விதை அன்றோடு முடிந்திருக்கும். கீழே நான் கூறுபவை, அந்த ஒரு காயை ஆனி மாதம் வரை கொண்டு சேர்த்தபோது வகுப்பில் கற்றதும் ஆயாவிடம் கற்றதும் ஒன்றாகக் கூடியவை.

ஊட்டம்: எப்போது, எவ்வளவு?

தழைச்சத்து இலையையும் கொடியையும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் உதவும். சாம்பல் சத்து, இலையில் உண்டான சர்க்கரை காய்க்குச் சென்று சேர உதவும். கொடி ஓடும் பருவத்தில் தழைச்சத்து வேண்டும். காய் பிடித்த பின்னும் அதையே அள்ளிக் கொடுத்தால் கொடி இலையாகவே விட்டுக்கொண்டு போகும், காய் பின்தங்கும், மெத்தென்ற இளந்தளிரை அசுவினி வந்து மொய்க்கும்.

மீனவர் வீட்டில் தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை. மீன் அரிந்த கழிவை, அதாவது செவுள், குடல், தலை முதலியவற்றைச் சம எடை வெல்லத்துடன் பிசைந்து, மூடிய வாளியில் நிழலில் வைத்துவிட வேண்டும். வெல்லத்தின் அடர்த்தியில் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் தழைப்பதில்லை; நொதித்தல் மட்டும் நடைபெறும். ஏறத்தாழ 20 முதல் 40 நாட்களில் தேன் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். இதையே இயற்கை உழவர்கள் மீன் அமிலம் என்கின்றனர். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். 10 மில்லி கலந்து வேரில் ஊற்றலாம். அதற்கு மேல் கூடாது. உப்பிட்ட மீன், கருவாட்டுக் கழிவு, கருவாடு கழுவிய நீர் ஆகியவற்றை வேரருகே விடவே கூடாது. மணலில் ஏற்கெனவே இருக்கிற உப்பு போதும்.

காய் கைப்பிடி அளவு வந்ததும் மீன் அமிலத்தைக் குறைத்துவிட்டு, மக்கிய சாணத்துடன் அடுப்புச் சாம்பலைக் கலந்து வாரம் ஒரு கையளவு இட்டோம். தேங்காய் மட்டை எரித்த சாம்பலில் சாம்பல் சத்து மிகுதி. ஆயினும் சாம்பல் காரத்தன்மை உள்ளது. அள்ளிக் கொட்டினால் வேறு சத்துகளைக் கொடி எடுக்க முடியாமல் போகும். மணலில் எதையும் சிறுகச் சிறுக, அடிக்கடி இடுவதே முறை. ஒரே நாளில் கொட்டியது அடுத்த வாளித் தண்ணீரில் கீழே இறங்கிவிடும். ஆயா இதைத் தம் வழியில் சொல்வார்: "பச்சப்புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி பாப்பா. அஞ்சு தரம் ஊட்டணும், அள்ளி ஊட்டக் கூடாது."

இன்னொரு வழியும் உண்டு. பறங்கிக்கொடியின் கணுக்களில் வேர் விடும் இயல்பு இருக்கிறது. தரையில் ஓடும் கொடியின் கணுக்களை இரண்டு விரற்கடை மண்ணால் மூடி ஈரம் காத்தால், அங்கெல்லாம் புது வேர் இறங்கும். மேலை நாட்டுப் போட்டியாளர்கள் தவறாமல் செய்வது இது. தாய் வேர் உப்பாலோ வண்டாலோ நலிந்தாலும் கணு வேர்கள் கொடியைத் தாங்கும். கூரையில் ஏற்றிய கொடிக்கு இந்த வசதி இல்லை. அதனால் கடலோரத்தில் தரையில் படரவிடுவதே நல்லது.

நீரும் உப்பும்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கிணற்று நீர் ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 15 லிட்டர் வாளி ஒன்று ஊற்றினால் 30 கிராம் உப்பு. நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. 60 நாளில் ஒரு கொடியின் பாத்தியில் 1 கிலோ 800 கிராம் உப்பு! இதில் ஒரு பகுதி மணலில் கீழிறங்கும் என்றாலும் மீதி வேரைச் சுற்றி நிற்கும். சவ்வூடு பரவலை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மண்ணின் கரைசல் அடர்ந்தால் வேர் நீரை எடுக்க இயலாது. பாத்தியில் ஈரம் இருந்தும் கொடி தாகத்தால் வாடும். இலையின் ஓரம் முதலில் கருகுவது இதன் அடையாளம்.

உப்பை மருந்து தெளித்து விரட்ட முடியாது. நல்ல நீர் கொண்டு வேருக்குக் கீழே இறக்கிவிடுவது ஒன்றே வழி. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை புகுந்த நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி வயல்களிலும் மழைநீரைத் தேக்கி உப்பை வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும்தான் நிலத்தை மீட்டனர். வீட்டுக் கொடிக்கு நாங்கள் செய்தது இதுவே. அன்றாட நீருக்கு அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும். வாரம் ஒரு நாள், குழாயில் பிடித்து வைத்த நல்ல நீர் மூன்று வாளியை ஒருசேர ஊற்றி உப்பை இறக்குதல். கிணற்று நீரைச் சித்திரையிலேயே நிறுத்திவிட்டோம்.

நீரை மிச்சப்படுத்தப் பானைப் பாசனம் உதவும். சுடுமண் பானை ஒன்றைக் கழுத்து வரை வேரிலிருந்து இரண்டடி தள்ளிப் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். மண் காயும்போது பானையின் நுண்துளை வழியே நீர் கசியும். மண் ஈரமாயிருந்தால் கசிவு குறையும். பாத்தியின் மேல் தென்னஞ்சருகும் வைக்கோலும் நான்கு விரற்கடை பரப்பினால் ஆவியாதல் குறைந்து, உப்பு மேலேறுவதும் குறையும். பிற்பகல் கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வரும். அதற்கு நேரே தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று நிறுத்தினோம். காலையில் இலைகளை நல்ல நீரால் லேசாகக் கழுவிவிட்டோம். வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிட வேண்டும் என்பதால்தான் காலையில்.

நடுப்பகலில் பறங்கி இலை குடை மடக்கியது போல் தொங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வேர் தரும் நீரைவிட இலை வெளிவிடும் நீர் அந்நேரத்தில் மிகுதி, மாலையில் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் ஆபத்து.

பூவும் காயும்

பறங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு காய் போன்ற சூலகம் இருக்கும். கடும் வெப்பத்தில் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும். மகரந்தமும் விரைவில் வீரியம் இழக்கும். பூ விடியுமுன் மலர்ந்து, காலை முதிர்வதற்குள் கூம்பிவிடும். அந்தச் சிறு பொழுதில் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். ஆகவே கையால் மகரந்தம் சேர்ப்பது நல்லது. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். காலை 6 மணிக்கு முன்னே முடித்துவிடுவது உத்தமம்.

விதைக்கு வைக்கும் காயாயின் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். தேனீ அண்டை வீட்டுப் பறங்கியின் மகரந்தத்தையும் கொண்டுவரும். மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முந்திய மாலையே நூலால் கட்டிவிட்டு, விடியலில் அவிழ்த்துச் சேர்த்து, மீண்டும் பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். இவ்வாறு செய்தால் இனம் கலவாது.

ஒரு காய் நன்கு பிடித்தபின் அக்கொடியில் மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராதுதான். ஆயினும் நலிந்த கொடியின் இலைகள் ஈட்டும் சர்க்கரை ஒன்றை வளர்க்கும், நான்கை வளர்க்காது. காயின் அடியில் உலர்ந்த மணலும் அதன்மேல் வைக்கோலும் இட்டு, மேலே தென்னங்கீற்றால் நிழல் கொடுத்தோம். நேர் வெயில் பட்ட தோல் வெந்து வெளுக்கும். ஈர மண்ணில் கிடந்த காய் அடியில் அழுகும். பல நாள் காயவிட்டுத் திடீரென நீர் ஊற்றினால் காய் வெடிப்பதும் உண்டு.

பகைவர் மூவர்

முதற்பகை பழ ஈ. கடும் வெயிலில் இது குறைந்திருக்கும். கோடைக் கடைசியில் மாலை இடிமழை தொடங்கியதும் பெருகும். பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும்; ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும்; வளர்ந்தபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். புழு உள்ளே சென்றபின் எந்த மருந்தும் பயன் தராது. பிஞ்சு பிடித்த அன்றே கொசுவலைத் துணியால் பை தைத்து மூடிவிடுவதே சிறந்த காப்பு. மீன்வலை உதவாது, கண் பெரிது. தாக்குண்ட பிஞ்சுகளைக் குப்பையில் எறியாமல் ஆழப் புதைக்க வேண்டும். கொடியின் அடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், கோழியும் பொறுக்கும்.

ஈயைப் பிடிக்கப் பொறியும் உண்டு. முட்டை வளரப் புரதம் தேவையாதலால் பெண் ஈ மீன் வாடைக்கு வரும். கருவாட்டுத் தூளை நனைத்து அதில் டைக்குளோர்வாஸ் என்னும் நஞ்சைக் கலந்து பொறி வைக்கும்படி முன்னர் பரிந்துரைத்தனர். அந்த நஞ்சு 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நாங்கள் துளையிட்ட பாட்டிலுக்குள் கருவாட்டுத் தூளும் சோப்பு நீரும் வைத்துத் தொங்கவிட்டோம். ஆண் ஈக்களைக் கவரக் கடையில் 'கியூ லூர்' கிடைக்கிறது. மாமரத்துக்குரிய மெத்தில் யூஜினாலைப் பறங்கிக்கு வாங்குவது வீண். பறங்கியைத் தாக்கும் ஈ அதற்கு வராது.

இரண்டாம் பகை செந்நிறப் பூசணி வண்டு. வளர்ந்த வண்டு இளஞ்செடியின் இலையைச் சல்லடையாக்கும். அதன் புழு மண்ணிலிருந்து வேரையும் தரையில் கிடக்கும் காயின் அடியையும் துளைக்கும். அதிகாலையில் வண்டு மந்தமாயிருக்கும்போது கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடலாம். பனி ஈரத்தில் இலைமேல் சாம்பலைத் தூவுவதும் பழைய வழக்கம்.

மூன்றாம் பகை சாம்பல் நோய். முதிர்ந்த இலைகளில் மாவு தூவியது போல் வெண்மை படர்ந்து இலை காயும். இலை காய்ந்தால் காய்க்கு வரும் உணவு நிற்கும். கந்தகத் தூள் பறங்கிக் குடும்பத்தின் இலையைச் சுட்டுவிடும், தூவலாகாது. 1999-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெத்தியோல், பசும்பாலை நீரில் கலந்து வாரந்தோறும் தெளித்து, பூசணி இனத்தில் இந்நோய் அடங்குவதைக் காட்டினார். 1 பங்கு பாலுக்கு 9 பங்கு நீர் போதும். மிகவும் காய்ந்த இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, பச்சை உள்ள இலைகளை விட்டுவைக்க வேண்டும்.

முற்றிய காயும் விதையும்

காம்பு தக்கைபோல் உலர்ந்து, தோலில் நகம் இறங்காமல், மேலே சாம்பல் பூத்து, அருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்தால் காய் முற்றியது. இரண்டங்குலக் காம்போடு அறுத்து, தரையில் வைக்கோல் பரப்பி நிழலில் வைக்க வேண்டும். விதைக்காயை மேலும் ஒரு மாதம் விட்டுவைத்தால் உள்ளே விதை நன்கு தேறும். பிறகு விதையைக் கழுவி, நீரில் மிதக்கும் சொத்தையை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாம்பலில் பிசறி வைக்கலாம். ஈரம் படாமல் காத்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் முளைக்கும்.

எங்கள் ஒற்றைக் காய் ஆனி மாதத்தில் முற்றியது. எடை 11 கிலோ. உலகச் சாதனையில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உள்ளே முந்நூறுக்கு மேல் நல்ல விதை இருந்தது. ஒரே வீட்டில் ஒரே பானையில் ஒரு விதையினத்தை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சென்ற கோடை எங்களுக்குக் காட்டிவிட்டது. ஆகவே இம்முறை ஆயா வைத்திக்குப்பத்திலும் சோலை நகரிலும் உள்ள உறவினர் வீடுகளுக்கு விதை கொடுத்தனுப்பினார். 20 விதைகளை நம் தாவரவியல் துறைத் தோட்டத்துக்கென எடுத்து வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, 1826-இல் இந்நகரில் தாவரவியல் பூங்கா அமைத்தவர்கள் அயல்நாட்டுச் செடிகளை இங்குக் கொணர்ந்து வளர்த்துப் பார்த்தார்கள். நம் வீட்டுப் புழக்கடைகளில் பல தலைமுறையாக நம் மணலுக்கும் வெயிலுக்கும் பழகிய விதைகள் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் வீட்டு ஆயாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். பறங்கியோ, சுரையோ, அவரையோ, எதுவாயினும் ஒரு கைப்பிடி வாங்கி, பெயரும் ஊரும் விதைத்த மாதமும் ஒரு தாளில் எழுதித் துறைக்குக் கொண்டு வாருங்கள். விரிவுரையாளர்கள் இடம் தர இசைந்தால் வரும் தை மாதத்தில் ஆய்வுக்கூடத்தின் பின்புறம் பத்துக் குழிகள் எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும் முறையை வகுப்புக்கு ஒரு வாரம் என்று பங்கிட்டுக்கொள்வோம்.